சொட்டு மருந்து விட்ட நேரப்படி

அப்பாவின் வலது கண்ணில், விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. சர்க்கரை நோய் நெடுநாள் இருப்பவர்களுக்கு வருவது. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே போட வேண்டும். ஊசி தள்ளிப்போனால் வீக்கம் கூடும். கூடினால் குறைந்த பார்வை திரும்பி வருமா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். விழித்திரை மருத்துவர் அந்தக் கண் மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை மட்டும் வருவார். மதியத்துக்கு மேல் அவருக்கு வேறு இடத்தில் அறுவை சிகிச்சை. அப்பாவின் ஓய்வுக்கால மருத்துவ அட்டை செல்லுபடியாகும் இடங்களில், இந்த ஊசி போடுவது அந்த ஒரு மருத்துவமனையில்தான்.

ஆகவே அந்தச் சனிக்கிழமைக்கு முன் என் மனதில் ஒரு பட்டியல் ஓடும். முந்தைய ஸ்கேன், சர்க்கரை அளவு பார்த்த சீட்டு, கறுப்புக் கண்ணாடி, வெறும் வயிற்றில் போகாமலிருக்க இரண்டு இட்லி. எதுவும் விட்டுப்போகாது. விட்டுப்போகக்கூடிய ஒன்று என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அது அந்த மருத்துவமனைக் கூடத்தில் மாட்டியிருந்த திரை.

அந்தத் திரையில் ஓடும் மென்பொருளைச் செய்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். அதை எழுதிய குழுவில் நான் இல்லை; எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விழித்திரை மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கருவிழி நடுவில் உள்ள பாப்பா விரிய வேண்டும், அப்போதுதான் உள்ளே பார்க்க முடியும். சொட்டு விட்ட நேரப்படி நோயாளிகளை வரிசையாக அடுக்கித் திரையில் காட்டுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. முதலில் சொட்டு விட்டவர் முதலில் உள்ளே போகலாம். நியாயமான ஏற்பாடு.

திரை மெதுவாகத் திறக்கிறது என்ற புகார், அப்பாவுக்கு ஊசி போட வேண்டிய சனிக்கிழமைக்குச் சில நாள் முன் என் மேசைக்கு வந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. ஒவ்வொரு வருகைக்கும் அட்டவணையில் ஒரு வரி. அந்த வரியில் பெயர், வயது, ஊர், சொட்டு விட்ட நேரம், எந்தக் கண் என்று தொடங்கி, மருத்துவரின் நீண்ட குறிப்புகள், பழைய மருந்துச் சீட்டுகள், விழித்திரைப் படம் வரை நாற்பதுக்கும் மேலான பத்திகள், ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம். திரையில் கண்ணுக்குத் தெரிவது ஏழெட்டுதான். ஆனால் தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்க்யூஎல் கேள்வியில் எந்தப் பத்தி வேண்டும் என்று எழுதுவதற்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவா என்று அதற்குப் பொருள்.

வரிசைப்படுத்தாமல் கேட்டிருந்தால் அது இவ்வளவு வலித்திருக்காது. நேரப்படி அடுக்கு என்றதும், ஒப்பிட்டுப் பார்க்க நேரம் என்ற ஒரு பத்தி போதும் என்று நமக்குத் தோன்றும். தரவுத்தளமோ, அடுக்கி முடித்ததும் கொடுக்க வேண்டியதையெல்லாம் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்கும். நேரத்தோடு பெயர், பெயரோடு குறிப்பு, குறிப்போடு படம். அவ்வளவையும் நினைவகத்தில் வைக்க இடம் போதாது. பகுதி பகுதியாக அடுக்கி ஹார்ட் டிஸ்க் எனும் வட்டில் எழுதி வைக்கும். பிறகு அவற்றைத் திரும்பப் படித்து ஒன்றோடொன்று கலந்து மறுபடி அடுக்கும். வட்டு நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. இதற்கிடையில் பழைய வருகைகளும் அதே திரையில் கீழே வர வேண்டும் என்று மருத்துவமனை கேட்டு வாங்கியிருந்ததால், அன்றைக்கு வந்தவர்களை மட்டுமல்ல, இத்தனை வருடத்துக் கூட்டத்தையும் சேர்த்து அது அடுக்கிக்கொண்டிருந்தது.

என் கணினியில் பொய்த் தகவல்களை நிரப்பிச் சோதித்துப் பார்த்தேன். நட்சத்திரத்தோடு ஓட்டிவிட்டு, தண்ணீர் பிடித்து வந்து, பக்கத்து மேசைக்காரியின் புதுச் சுடிதாரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாலும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தெரியும் ஏழு பத்திகளை மட்டும் எழுதிக் கேட்டேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வரிகளின் எண்ணிக்கை அதேதான், வரிசையும் அதேதான்.

டீம் லீடிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"ஸ்டார் எதுக்குப் போட்டோம்னு நெனைக்கிற? ஆரம்பத்துல அளவாத்தான்மா குடுத்தோம். திங்கக்கிழமை போன் வரும், சார் வயசு காட்டல. செவ்வாய்க்கிழமை, சார் ஊரு காட்டல. புதன்கிழமை, சார் சக்கரை அளவும் இருந்தா நல்லாருக்கும். ஒருநாள் எல்லாத்தையும் வாரிக் கொட்டினேன் பாரு, அதோட போன் நின்னுச்சு."

"இப்ப வேற போன் வருதே?"

"அது சப்போர்ட்டுக்கு வர்ற போன். நமக்கு வர்றதில்ல."

எங்கள் அலுவலகத்தில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது. எங்கே சந்தேகம் வந்தாலும் நட்சத்திரம் போட்டுவிடுவது. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்பது கணக்கு.

பத்திகளைக் குறைக்க மருத்துவமனையின் ஒப்புதல் வேண்டும் என்றார் டீம் லீட். மருத்துவமனை மேலாளரை நானே அழைத்தேன்.

"ஏங்க, வேகமா வரணும்னு சொன்னா, இருக்கறத எடுக்கறேன்றீங்களே!"

"திரையில தெரியாத பத்திகளைத்தான் சார். டாக்டருக்கு எதெல்லாம் தேவைன்னு கேட்டுச் சொன்னீங்கன்னா..."

"டாக்டர் வர்றதே மாசத்துல ஒரு நாள். அன்னைக்கு அவர்கிட்ட நின்னு பேச முடியுமா? கூட்டத்தைப் பாத்திருக்கீங்களா நீங்க?"

திரை மெதுவாக வருவதால் கூட்டம் நிற்கிறது, கூட்டம் நிற்பதால் மருத்துவரிடம் பேச முடியாது, பேச முடியாததால் திரையைச் சரிசெய்ய முடியாது. இதை அவரிடம் எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

சனிக்கிழமை திருமுல்லைவாயிலில் ஷேர் ஆட்டோ பிடித்து நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். சிஸ்டர் அப்பாவுக்குச் சொட்டு விட்டு, கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு பொத்தானைத் தொட்டார். நேரம் பதிவாகிவிட்டது. எங்களுக்கு முன் ஏழெட்டுப் பேர்தான் சொட்டு விட்டிருந்தார்கள். கணக்குப்படி அப்பா வெள்ளெனவே உள்ளே போய்விட வேண்டும்.

மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு. அதில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் பாட்டில், மஞ்சள் பை, குடை, ஸ்கேன் உறை, மறுபடி பாட்டில் என்று சாமான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சொட்டு விட்ட கையோடு எதையாவது அதில் வைத்துவிட்டு, ஆட்கள் மின்விசிறிக்குக் கீழேயும் டீக்கடையிலும் இருந்தார்கள். பெஞ்சைக் காவல் காப்பதுபோல் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் நின்றிருந்தார். தன் அம்மாவை அழைத்து வந்திருந்தார்.

"அண்ணாத்தே, பாட்டில் வெச்சிட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எதுக்குங்க? அதான் கம்ப்யூட்டர் வரிசை போடுதே." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம்பொண்ணு வேலை பாக்கற கம்பெனிதான் இத செஞ்சது."

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் அப்பா. எங்கள் குவார்ட்டர்ஸில் ரேஷனுக்குக்கூட அவர் பை போட்டு இடம் பிடித்ததில்லை. ஒரு முறை என்று வைத்தால் முறைப்படி நடக்கும் என்பது அவர் எண்ணம். "சும்மா ஒரு பாட்டில வைங்கப்பா" என்றேன். பாட்டில் என் பையிலேயே இருந்தது. "சும்மா இரும்மா. நீங்க செஞ்ச சிஸ்டத்த நீயே நம்பலன்னா எப்படி?" என்றார். சுற்றிலும் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெருமையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் வந்தார். திரையில் ஒரு சிறிய வட்டம் சுழலத் தொடங்கியது. சுழன்றுகொண்டே இருந்தது.

"இன்னா மா, உங்க கம்பெனி டிவி சுத்திகினே கீது?" என்றார் ஆட்டோக்காரர். "எங்க ஏரியா கேபிள் டிவி தேவல போல."

"படிச்ச பொண்ணுதானே, போய் என்னன்னு பாரும்மா" என்றார் இன்னொரு அம்மாள். கண் கூசியதால் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தார்.

என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வட்டம் சுழலும்போது உள்ளே எந்தப் பத்தி எந்த வட்டில் எழுதப்பட்டுத் திரும்பப் படிக்கப்படுகிறது என்பதைக்கூட என்னால் அங்கே நின்று சொல்லியிருக்க முடியும். அந்தக் கூடத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி. அந்த அறிவால் ஒருவர்கூட ஓரடி முன்னால் நகர்ந்துவிடவில்லை.

கவுண்டருக்குப் போனேன். சிஸ்டர் சுட்டியால் 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சிஸ்டர், கொஞ்ச நேரம் அத அமுக்காம இருங்களேன்."

"அமுக்கலன்னா எப்படிம்மா வரும்?"

"ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் முதல்ல இருந்து இன்னொரு வேலை ஆரம்பிக்குது சிஸ்டர். பழைய வேலையும் நிக்கறதில்ல. எல்லாம் சேர்ந்து இன்னும் லேட்டாகும்."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஸ்கேன் ரூம்ல ஒருத்தர் அமுக்கறாங்க, மருந்துக் கவுண்டர்ல அமுக்கறாங்க, உள்ள டாக்டர் பக்கத்துல இருக்கற பொண்ணும் அமுக்குது. நான் மட்டும் நிறுத்தி என்ன ஆவப்போவுது, சொல்லு" என்றார்.

வெளியே வந்து டீம் லீடை அழைத்தேன்.

"சனிக்கிழமை ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கக் கூடாதுமா. தெரியும்ல?"

"அந்த ஒரு வரிதான் சார். நட்சத்திரத்த எடுத்துட்டு ஏழு பத்தியோட பேர எழுதணும். எங்கப்பா இங்க உக்காந்திருக்கார்."

பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. "பாஸ்வேர்டு என்கிட்டயும் இல்லமா. நிஜமா. வெச்சிருக்கறவரு பொண்ணுக்குத்தான் இங்க காதுகுத்து. பந்தியில நின்னு பரிமாறிட்டிருக்காரு. ஒப்புதல் இல்லாம அவரும் தொட மாட்டாரு."

திரும்பி வந்தபோது அப்பா அதே நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் சிறு டார்ச்சோடு ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பாவின் கண்ணில் ஒளியடித்துவிட்டு, "பாப்பா சுருங்க ஆரம்பிச்சிடுச்சு ஐயா. இன்னொரு சொட்டு விட்டுடலாம்" என்றார்.

அவர் டேப்லெட்டை இடுப்பில் செருகியிருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. சொட்டு விட்ட நேரம் என்று அட்டவணையில் இருப்பது ஒரே ஒரு பத்தி. இரண்டாம் முறை விட்டால் பழைய நேரத்தின் மேல் புது நேரம் ஏறிக்கொள்ளும். வரிசையில் அப்பா எல்லோருக்கும் பின்னால் போய்விடுவார்.

"சிஸ்டர், சொட்டு விடுங்க. நேரத்த மட்டும் மாத்தாதீங்க."

"நேரம் போடாம சொட்டு விடக் கூடாதும்மா. எங்களுக்கு ஆர்டர்."

"மாத்தினா இவர் கடைசிக்குப் போயிடுவார்."

"சொட்டு விடலன்னா உள்ள போயும் பிரயோஜனம் இல்ல. பாப்பா விரியலன்னு டாக்டர் திருப்பி அனுப்பிடுவாரு. நீயே சொல்லு, என்ன செய்யட்டும்?"

வரிசையில் இடம் வேண்டுமென்றால் கண் பார்ப்பதற்கில்லாமல் போகும். கண் பார்க்க வேண்டுமென்றால் இடம் போகும். நான் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தபோது அப்பா முகத்தை உயர்த்தி, இமையை விரலால் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சிஸ்டர்" என்றார். சொட்டு விழுந்தது. பொத்தானில் விரல் பட்டது.

அதன் பிறகு ஒரே ஒரு முறை திரை திறந்தது. கூடமே எழுந்து நின்றது. கண்ணில் சொட்டு விட்டிருந்ததால் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயரைப் படிக்க முடியவில்லை; கூட வந்தவர்கள் உரக்கப் படித்துச் சொன்னார்கள். அப்பாவின் பெயர் அன்றைய வரிசையின் அடியில், பழைய வருகைகள் தொடங்குவதற்குச் சற்று மேலே இருந்தது. நான் படித்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுபடி வட்டம் வந்தது.

மருத்துவர் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பதாகவும் கோபப்படுவதாகவும் உதவியாளர் பெண் வந்து சொன்னதும், சிஸ்டர் சுட்டியைத் தள்ளி வைத்தார். "இது ஆவறதில்ல. பெஞ்சு மேல வெச்ச வரிசைப்படி உள்ள வாங்க" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு பாட்டில் எடுக்கப்படும், ஒருவர் உள்ளே போவார், மற்றவை ஒரு சாண் முன்னால் நகரும். அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெஞ்சில் யாரும் தன் வியாதியையும் விழித்திரைப் படத்தையும் வைத்து வரிசை பிடிக்கவில்லை. கையடக்கமாக ஏதோ ஒன்றை வைத்தார்கள்; முறை வந்ததும் ஆள் வந்தார். எங்கள் கேள்வியும் அப்படி இருந்திருக்கலாம். வரிசைக்கு நேரமும் ஒரு எண்ணும் போதும், மற்றதை அப்புறம் போய் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் இதையும் டீம் லீடிடம் சொன்னேன். எல்லா வரியும் ஒரே தடவையில் முழுதாக வர வேண்டும் என்று மருத்துவமனைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

அன்று பெஞ்சில் எங்களுடையது எதுவும் இல்லை.

"எங்கம்மாக்கு அடுத்தாப்ல அண்ணாத்தய உட்டுடலாம். காலைல நம்ம முன்னாடிதான வந்தாரு" என்று ஆட்டோக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படி? நாங்க மட்டும் பொழுதுபோகாமயா பை வெச்சோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவும் நியாயம்தான். ஆட்டோக்காரர் கையை விரித்தார். "இன்னா பண்றது மா. பாட்டில் கீறவனுக்குதான் இங்க மரியாத."

மதியம் மருத்துவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் முதல் ஆளாக அனுப்பிவிடுவதாகச் சிஸ்டர் சொன்னார். அவர் உண்மையாகவே வருந்தினார்.

வெளியே வெயில். இரண்டு முறை சொட்டு விட்டதில் அப்பாவால் கறுப்புக் கண்ணாடி போட்டும் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும், "உன் மேல தப்பில்லம்மா. அது உன் செக்‌ஷன் இல்லையே" என்றார். நான் தலையசைத்தேன். அவருக்கு அது தெரிந்திருக்காது என்பதால் "ஆமாப்பா" என்று வாய்விட்டும் சொன்னேன்.

அந்த மாதம் முழுக்க நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மருத்துவமனை மேலாளரை, டீம் லீடை, பாஸ்வேர்டு வைத்திருப்பவரை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர் ஒப்புதல் வரட்டும் என்றார், ஒருவர் எழுத்தில் வரட்டும் என்றார், ஒருவர் அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றார். மாற்றி எழுதிய கேள்வி என் கணினியில் தயாராக இருந்தது. தினமும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். உடனே பதில் வரும்.

அடுத்த மாதச் சனிக்கிழமை நான் எதுவும் சொல்வதற்கு முன், அப்பா வீட்டிலிருந்தே நீலமூடி போட்ட பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். சொட்டு விட்டதும் நேரே பெஞ்சுக்குப் போய் வைத்தார். பாட்டில் கோணலாக இருப்பதாகத் தோன்றியதோ என்னவோ, தடவிப் பார்த்து நேராகத் திருப்பி வைத்தார். சிஸ்டர் வாக்குத் தவறவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் முன்னால் இடம் பிடித்திருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

ஊசிக்கு முன் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு அப்பா பெரிய எழுத்துகளைக் கணீரென்று படித்தார். முன்பு தட்டுத்தடுமாறியாவது படித்த கீழ்வரிகள் வந்ததும் நிறுத்திவிட்டார். யூகித்துச் சொல்லக்கூட முயலவில்லை.

"போன மாசம் ஊசி விட்டுப்போச்சா?" என்று மருத்துவர் கேட்டார். "விட்டிருக்கக் கூடாது. பாக்கலாம், வீக்கம் வடிஞ்சா கொஞ்சம் திரும்பலாம். இதே மாதிரி நின்னும் போகலாம். ஏன் வரல?"

"வந்தோம் சார். திரை வரல" என்றேன். கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி மட்டும்தான் எனக்குக் கிடைக்கும் என்று தெரிந்தது. "அந்தத் திரையில உங்களுக்கு எதெல்லாம் வேணும் சார்?"

"எனக்கா?" அவர் நிமிரவில்லை. "பேரு. எந்தக் கண்ணுன்னு. மத்ததெல்லாம் ஃபைல்ல இருக்கும்மா. வெளிய வெயிட் பண்ணுங்க."

அன்று மாலையே மேலாளரிடம் சொன்னேன். "நல்லதுங்க. எழுதி வாங்கிட்டீங்களா?" என்றார்.

அதற்கு முன், ஊசி முடிந்ததும், அப்பாவுக்குக் கட்டுப் போட்டு வெளியே அழைத்து வந்தோம். சிஸ்டர் ஒருபக்கம், நான் ஒருபக்கம். கேட்டருகே வந்ததும் அப்பா பையைத் தடவினார். "பாட்டில விட்டுட்டோம்மா."

அவரை மர நிழலில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பப் போனேன். திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் பாட்டில் பெஞ்சின் நடுவில், ஒரு குடைக்கும் மஞ்சள் பைக்கும் இடையில் நின்றிருந்தது.

"அது யாரோடதுன்னு தெரிலம்மா. அதான் வரிசையோடவே நவுத்தி வெச்சிகினு வரோம்" என்றார் அங்கே நின்றிருந்த அம்மாள்.

"எங்களோடதுதான். முடிஞ்சுது" என்று எடுத்துக்கொண்டேன். அவர் மஞ்சள் பையை அந்த இடத்துக்கு நகர்த்தினார்.